17 அங்குல இருக்கையும் ஒரு மனிதரின் கண்ணியமும்

உம்ராக் குழுக்களோடு சென்று வந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. சென்னையிலிருந்து ஜித்தா செல்லும் விமானம். பயணிகள் ஏறி அமர்ந்து கொண்டிருக்கிறார்கள். நம் குழுவில் வந்த மாமி ஒருவருக்கு மூன்று இருக்கைகளின் நடுவில் இடம் கிடைத்திருந்தது. அறுபது வயதைக் கடந்தவர். முழங்கால் வலியால் பல ஆண்டுகளாக அதிகம் நடமாட இயலாதவர். உடல் பருமனும் அதனோடு சேர்ந்து கொண்டது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அல்லாஹ்வின் இல்லத்தைக் காணப் புறப்பட்டிருந்தார்.

இருக்கைப் பட்டை அவருக்கு எட்டவில்லை. அதை யாரும் அறியாதிருக்கத் துப்பட்டியை இழுத்து மடியை மூடிக் கொண்டார். சோதித்து வந்த பணிப்பெண் துப்பட்டியை விலக்கச் சொன்னார். பிறகு விமானத்தின் மறுகோடியில் நின்ற மற்றொருவரிடம் நீட்டிப்புப் பட்டை வேண்டுமென்று உரக்கக் கேட்டார். அந்தப் பட்டை நான்கு வரிசைகளைக் கடந்து கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது. பின்வரிசை இளைஞர்கள் இருவர் சிரித்தார்கள். நம் குழுவிலேயே ஒருவர், மாமிக்கு இரண்டு டிக்கெட் போட்டிருக்க வேண்டும் என்றார். நாமும் புன்னகைத்தோம். அதை மறைத்து இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

ஏறத்தாழ ஆறு மணி நேரப் பயணத்தில் மாமி ஒரு வாய்த் தண்ணீரும் அருந்தவில்லை. கழிவறைக்குச் செல்ல எழுந்தால் மீண்டும் எல்லோரும் பார்ப்பார்களே என்ற அச்சம் அவருக்கு. இது நமக்குப் பல மாதங்கள் கழித்தே தெரிய வந்தது. ஷார்ஜாவில் வசிக்கும் அவருடைய மகள் பிரசவத்திற்கு அழைத்தபோது மாமி போக மறுத்து விட்டார். காரணம் கேட்டவர்களிடம் அவர் சொன்னது இது: “மக்காவுக்குப் போயாச்சு, அல்ஹம்துலில்லாஹ். இனி அந்தப் பெல்ட்டுக்காக யார் முன்னாலேயும் கை நீட்ட என்னால முடியாது.” பேரப்பிள்ளையை இன்றுவரை அவர் கைப்பேசித் திரையில்தான் பார்த்திருக்கிறார்.

ஒரு பட்டை, ஒரு சிரிப்பு, ஒரு புன்னகை. இவை ஒரு தாயை அவருடைய மகளிடமிருந்து பிரித்து விட்டன. ஆகவே இது சிறிய செய்தி அன்று.

இருக்கையின் கதை

இந்த இடத்தில் பலரும் சொல்லும் ஒரு வாதம் உண்டு. இருக்கை எல்லோருக்கும் ஒரே அளவுதான், அதில் அமர முடியாதது அவரவர் உடலின் குறை என்பதே அது. ஆனால் இருக்கையின் அளவு வானிலிருந்து இறங்கியதன்று. வணிகக் கணக்குப் போட்டு மனிதர்கள் தீர்மானித்த அளவு அது. காலப்போக்கில் அது சுருங்கியும் வந்திருக்கிறது.

அமெரிக்காவில் பயணிகள் உரிமை அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 2017 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விமான இருக்கைகள் சுருங்கி வருவதைப் பற்றிய வழக்கு என்றே நீதிபதி அதை வருணித்தார். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே சராசரியாக 35 அங்குலமாக இருந்த தூரம் 31 அங்குலமாகவும், சில நிறுவனங்களில் 28 அங்குலமாகவும் குறைந்தது அதில் எடுத்துக் காட்டப்பட்டது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஏறத்தாழ 18.5 அங்குலமாக இருந்த இருக்கை அகலம், பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ 17 அங்குலத்திற்கு வந்து விட்டது. 17 அங்குலம் என்பது 43 சென்டிமீட்டர். தோள் அகன்ற உழைப்பாளி ஒருவர் பருமனாக இல்லாமலேயே அதில் நெருக்கமாகத்தான் அமர முடியும்.

அடுத்த ஆண்டு, அதாவது 2018இல், இருக்கைகளுக்குக் குறைந்தபட்ச அளவை ஓராண்டுக்குள் வகுக்கும்படி அமெரிக்க நாடாளுமன்றம் விமானத் துறைக்குச் சட்டத்தின் மூலம் ஆணையிட்டது. துறையோ அதற்காகப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டதே 2022இல்தான். நிறுவனங்கள் இருக்கையைச் சுருக்கக் காட்டும் வேகம், அதைத் தடுக்கும் விதியை எழுதுவதில் இல்லை.

ஒரு வரிசை கூடுதலாக நுழைத்தால் ஒவ்வொரு பயணத்திலும் கூடுதல் கட்டணம் வரும். அந்த லாபம் நிறுவனத்திற்குச் செல்கிறது. அதன் விலையாக வரும் நெருக்கடியும் மனக்கசப்பும் அருகருகே அமர்ந்த இரு பயணிகளின் தலையில் விழுகின்றன. இருவரும் ஒரே கைப்பிடிக்காக ஒருவரையொருவர் வெறுக்கிறார்கள். அந்தக் கைப்பிடியை அவ்வளவு நெருக்கமாக வைத்தவர் யார் என்று இருவருமே கேட்பதில்லை.

“உணவைக் குறைத்துக் கொள்ளட்டுமே”

உணவில் நடுநிலை பேணுவது நம் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த ஒழுக்கம். அதில் ஐயமில்லை. ஆனால் அது ஒவ்வொருவரும் தம் தட்டைப் பார்த்துத் தமக்குச் சொல்லிக் கொள்ள வேண்டிய அறிவுரை. அடுத்தவரின் உடலைப் பார்த்து அவருடைய தட்டைப் பற்றித் தீர்ப்பு வழங்க அது அனுமதிச் சீட்டாகாது.

பருமனுக்குக் காரணம் பல. பரம்பரைக் கூறுகள் உண்டு. தைராய்டுக் கோளாறு உண்டு. ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றிற்கு நீண்ட காலம் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோருக்கு உடல் ஊதுகிறது. முழங்கால் தேய்ந்தவர் நடக்க முடிவதில்லை, நடக்காததால் எடை கூடுகிறது, எடை கூடியதால் முழங்கால் மேலும் தேய்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் உடல் பருமனை நாட்பட்ட நோயாகவே கருதுகிறது. நம் மாமியின் வாழ்வில் இவற்றில் எது நடந்தது என்பதைச் சிரித்த இளைஞர்கள் அறியார்கள். புன்னகைத்த நாமும் அறிந்திருக்கவில்லை.

எடை கூடினால் எரிபொருள் கூடுமே, எனவே கட்டணமும் கூடட்டும் என்பது இன்னொரு வாதம். 2013இல் சமோவா ஏர் என்ற சிறு நிறுவனம் பயணியின் எடையையும் சாமான்களின் எடையையும் சேர்த்து நிறுத்துக் கட்டணம் வாங்கத் தொடங்கியது உலகச் செய்தியானது. சில பேர் மட்டுமே ஏறும் மிகச் சிறிய விமானங்களில் எடை ஒரு மெய்யான பிரச்சினைதான். ஆனால் நூற்றைம்பது பேருக்கு மேல் ஏறும் விமானத்தில் சராசரி எடையைக் கொண்டே கணக்கிடுகிறார்கள். நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவருக்கு எந்த நிறுவனமும் கட்டணத்தைக் குறைத்துக் கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. மெலிந்தவருக்குத் தள்ளுபடி இல்லையென்றால், பருமனானவருக்கு மட்டும் அபராதம் என்பது எந்தத் தராசின் நீதி?

எடையைக் கூட மானம் கெடாமல் அறிய முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 2023இல் ஏர் நியூசிலாந்து நிறுவனம் சராசரி எடையைக் கணக்கிட ஆக்லாந்து நிலையத்தில் பயணிகளை நிறுத்துப் பார்த்தது. விரும்பியவர்கள் மட்டுமே ஏறினார்கள். எடை எண் யார் கண்ணுக்கும் தெரியாதவாறு, பெயரும் பதியப்படாதவாறு அது செய்யப்பட்டது. மனம் இருந்தால் வழி இருக்கிறது.

பக்கத்து இருக்கைக்காரரின் உரிமை

மாமிக்கு அருகில் சன்னல் ஓரம் அமர்ந்திருந்தவரின் பக்கத்தையும் நாம் சொல்ல வேண்டும். அவரும் முழுக் கட்டணம் செலுத்தியவர். தம் இருக்கையில் ஒரு பகுதியை விட்டுக் கொடுத்து, உடலை ஒருக்களித்துக் கொண்டே ஆறு மணி நேரம் அமர்ந்திருந்தார். வேறிடம் கேட்டார், விமானம் நிரம்பியிருந்ததால் கிடைக்கவில்லை. அவர் கேட்டதில் தவறில்லை. ஒருவருக்கு நீதி செய்ய மற்றொருவரின் இடத்தைப் பறிப்பது நீதியாகாது.

அப்படியானால் வழி என்ன? பருமனான பயணி இரண்டாவது இருக்கைக்கும் பணம் கட்டட்டும் என்பது பல நிறுவனங்களின் விடை. சவூத்வெஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனம் நெடுங்காலம் இதில் தாராளமாக நடந்து வந்தது. கூடுதல் இருக்கைக்கு வாங்கிய பணத்தைப் பயணத்திற்குப் பின் திருப்பித் தந்தது. ஆயினும் அங்கும் குறை இருந்தது. 2010 பிப்ரவரியில் திரைப்பட இயக்குநர் கெவின் ஸ்மித் அந்நிறுவனத்தின் விமானத்தில் அமர்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டார். அவர் அதை டுவிட்டரில் எழுதினார், உலகமே பேசியது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. புகழ்பெற்றவருக்கு மன்னிப்புக் கிடைக்கும். துப்பட்டியால் மடியை மூடிக் கொள்ளும் மாமிக்கு யார் மன்னிப்புக் கேட்பார்கள்? அந்தத் தாராளமும் இப்போது குறைந்து விட்டது. கூடுதல் இருக்கையை முன்கூட்டியே விலைக்கு வாங்க வேண்டும், இடம் காலியாக இருந்து விமானம் புறப்பட்டிருந்தால்தான் பணம் திரும்பும் என்பன போன்ற நிபந்தனைகளை அந்நிறுவனம் 2025இல் அறிவித்தது.

கனடா வேறொரு விடை கண்டது. 2008 ஜனவரி 10 அன்று கனடியப் போக்குவரத்து ஆணையம் ‘ஒருவருக்கு ஒரு கட்டணம்’ என்ற கொள்கையை ஆணையாகப் பிறப்பித்தது. உடற்குறையின் காரணமாகக் கூடுதல் இருக்கை தேவைப்படுவோரிடம், உள்நாட்டுப் பயணங்களில், அந்த இருக்கைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. உடற்குறை என்று கருதத்தக்க அளவிற்குப் பருமன் உள்ளவர்களையும், உதவியாளர் துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவர்களையும் அது உள்ளடக்கியது. விமான நிறுவனங்கள் எதிர்த்தன. அந்த ஆண்டு நவம்பரில் கனடிய உச்ச நீதிமன்றம் அவற்றின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்து விட்டது. 2009 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அதற்கு ஆகும் செலவையும் ஆணையம் கணக்கிட்டது. அந்தச் சுமையை எல்லாப் பயணிகளுக்கும் பகிர்ந்தால், ஏர் கனடாவில் ஒரு டிக்கெட்டுக்கு ஏறத்தாழ 77 சென்ட், வெஸ்ட்ஜெட்டில் 44 சென்ட். ஒரு கனடிய டாலருக்கும் குறைவு. ஒரு மனிதர் தலைகுனியாமல் பயணம் செய்ய, மற்றவர் ஒவ்வொருவரும் தரவேண்டியது அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டிற்கும் எல்லை உண்டு. அந்த ஆணை வெளிநாட்டுப் பயணங்களுக்குப் பொருந்தாது. பருமனான எல்லோரும் அதில் அடங்குவதில்லை, தேவையை மெய்ப்பிக்க வேண்டும். ஆனால் அதன் அடிப்படை நேரானது. நாம் டிக்கெட் வாங்குவது 17 அங்குல மெத்தைக்காக அன்று, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு ஒரு மனிதரைக் கொண்டு சேர்ப்பதற்காக. மனிதர் ஒருவர் என்றால் கட்டணமும் ஒன்று. பக்கத்தில் இருப்பவருக்கும் இதனால் அவருடைய இடம் முழுமையாகக் கிடைக்கிறது. இருவரின் உரிமையும் ஒன்றாகக் காக்கப்படுகிறது.

முஸ்தலிஃபாவில் ஓர் இரவு

இதையெல்லாம் மேலை நாட்டுப் புதுமை என்று எண்ணுவோருக்கு நம் வரலாற்றிலிருந்தே ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறோம். ஹஜ்ஜுப் பயணத்தில் நபி (ஸல்) அவர்களுடன் அன்னை ஸவ்தா (ரலி) அவர்களும் சென்றிருந்தார்கள். அவர்கள் உடல் கனத்தவர்களாகவும் மெதுவாக நடப்பவர்களாகவும் இருந்தார்கள். முஸ்தலிஃபாவில் தங்கிய இரவில், மக்கள் கூட்டம் நெருக்கித் தள்ளுவதற்கு முன்பே புறப்பட்டு விடத் தமக்கு அனுமதி வேண்டுமென்று கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. அன்னை ஸவ்தா (ரலி) தம் தேவையைத் தயக்கமின்றிக் கேட்க முடிந்தது. கேட்டதும் கிடைத்தது, அந்த அறிவிப்பில் உடலைப் பற்றிய கண்டிப்போ கேலியோ இல்லை. மூன்றாவது, அந்தச் சலுகையைக் கண்டு அன்னை ஆயிஷா (ரலி) பொறாமை கொள்ளவில்லை. தாமும் அனுமதி கேட்டிருக்கலாமே என்று பின்னர் ஆசைப்பட்டார்கள். ஒருவருக்குத் தரப்படும் வசதி மற்றவரிடமிருந்து பறிக்கப்பட்டதாக அங்கே எவரும் கருதவில்லை.

மற்றொரு நிகழ்ச்சி அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களைப் பற்றியது. அவர் மரமேறியபோது காற்றில் ஆடை விலகி, மெலிந்த கால்கள் தெரிந்தன. தோழர்கள் சிரித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டு, மறுமைத் தராசில் அக்கால்கள் உஹது மலையை விடக் கனமானவை என்று உணர்த்தினார்கள். அங்கே மெலிந்த கால், இங்கே பருத்த உடல். இரண்டிலும் சிரிப்பு ஒன்றுதான். ஒருவர் மற்றொருவரைப் பரிகசிப்பதை அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுத்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். அறிந்தும், உம்ராவுக்குச் செல்லும் விமானத்திலேயே அதை மறந்தோம்.

நாம் செய்யக் கூடியவை

விமான நிறுவனங்களும் அரசும் செய்ய வேண்டியது முதன்மையானது. இருக்கையின் அகலத்தை டிக்கெட் விற்கும் இடத்திலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கூடுதல் இடம் தேவைப்படுவோர் அதை முன்கூட்டியே, தனிமையில் தெரிவிக்க வழி வேண்டும். மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்குக் கனடாவின் கொள்கை நம் நாட்டிலும் பேசப்பட வேண்டும். நீட்டிப்புப் பட்டையைக் கூவிக் கேட்காமல் கையோடு கொண்டு வந்து கொடுக்கப் பணியாளர்களைப் பழக்குவதற்கு ஒரு ரூபாயும் செலவாகாது.

உம்ரா, ஹஜ் ஏற்பாட்டாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பயணிகளின் கடவுச்சீட்டைப் பெறும்போதே, இருக்கையைப் பற்றி ஏதேனும் தேவை உண்டா என்று எல்லோரிடமும் பொதுவாகக் கேளுங்கள். பருமனானவரிடம் மட்டும் கேட்டால் அதுவே புண்படுத்தும். தேவையுள்ளவருக்கு நடைபாதை ஓர இருக்கையையும், இயன்றால் அருகில் அவருடைய குடும்பத்தாரையே அமர்த்தும் ஏற்பாட்டையும் செய்யுங்கள். குழுவாக இடம் பதியும்போது இது கடினமன்று.

பயணம் செய்வோருக்கும் சில குறிப்புகள். விமானத்தில் ஏறும்போதே வாசலில் நிற்கும் பணியாளரிடம் நீட்டிப்புப் பட்டையை மெல்லக் கேட்டு வாங்கிக் கொள்ளலாம். முதல் வரிசையில் கால் நீட்ட இடம் கூடுதலாக இருப்பினும், அங்கே பெரும்பாலும் கைப்பிடிகளை உயர்த்த முடியாது, எனவே இடம் குறுகலாகவே இருக்கும். அவசர வழி வரிசையில் நீட்டிப்புப் பட்டை பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, தண்ணீர் அருந்தாமல் அசையாமல் அமர்ந்திருக்காதீர்கள். நீண்ட நேரம் அசையாதிருந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு, உடல் கனத்தவர்களுக்கு அது அதிகம். எழுந்து நடப்பது உங்கள் உரிமை.

அருகில் அமர்பவர் செய்ய வேண்டியது மிகச் சிறியது. ஸலாம் சொல்லுங்கள். கைப்பிடியை உயர்த்தட்டுமா என்று நீங்களே முதலில் கேளுங்கள். இட நெருக்கடி தாங்க முடியாததாக இருந்தால், எழுந்து சென்று பணியாளரிடம் தனியே சொல்லுங்கள். உங்கள் குறை நியாயமானதே, ஆனால் அதற்குப் பொறுப்பானவர் உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் அல்லர்.

இக்கட்டுரையை எழுதுவதற்கு முன் நாம் மாமியின் இல்லம் சென்று, அன்று புன்னகைத்ததற்காக மன்னிப்புக் கேட்டோம். அவர் தேநீர் கொடுத்து, அதெல்லாம் தமக்கு நினைவில் இல்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றினார். நினைவில் இல்லாதவர் மகள் வீட்டிற்குச் செல்ல மறுத்திருக்க மாட்டார். அடுத்த குழு புறப்படும் முன் நடைபாதை ஓர இருக்கையும், அருகில் அவர் தங்கையும் என்ற ஏற்பாட்டோடு ஷார்ஜா டிக்கெட் பற்றி அவரிடம் மீண்டும் பேச எண்ணியிருக்கிறோம். அவர் இசைவார் என்று நம்புகிறோம், இன்ஷா அல்லாஹ். இசையாவிட்டால், அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.